வீம்பு

செகந்திராபாத்திலிருந்து மேட்சல் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் முதலில் வருவது லாலாகுடா கேட். அப்புறம் மல்காஜ்கிரி, தயானந்த் நகர், சஃபில்குடா, ராமகிருஷ்ணாபுரம் கேட். அதற்கடுத்தது அம்முகுடா. என் முதல் இருபது வருடங்கள் இந்த வரிசையின் முதல் பெயரில் கழிந்தன. துளசிதாஸ் பலராம் 1936இல் பிறந்தது கடைசிப் பெயரில். முத்தம்மா, துளசிதாஸ் காளிதாஸ் என்ற தமிழ்த் தம்பதியின் பிள்ளை. மெல்போர்னிலும் ரோமிலும் ஒலிம்பிக் கால்பந்து ஆடியவர். ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியில் இடது பக்கம் நின்றவர். ஐந்து ஸ்டேஷன் தள்ளிப் பிறந்த அந்த மனிதரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார், என் பெரியப்பா. அவர் கால்பந்து என்ற பேச்சையே வாசலுக்கு உள்ளே விடமாட்டார்.

லாலாகுடாவை ரயிலில்லாமல் நினைக்க முடியாது. 1893இல் நிஜாமின் ரயில்வே இங்கே பட்டறை போட்டது. காலையில் அதன் சங்கு ஊதினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். சங்குக்குப் பிறகு சைக்கிள்கள், தூக்குச்சட்டிகள், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டைகள். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியர், அதற்கடுத்து நாங்கள். தமிழர்கள் இந்த ஊருக்கு ரயிலுக்கும் முன்பே வந்துவிட்டார்கள். செகந்திராபாத் கண்டோன்மென்டில் மதராஸ் படை தங்கியிருந்த காலத்திலேயே, சிப்பாயின் பின்னால் கடைக்காரர், கடைக்காரரின் பின்னால் தையல்காரர் என்று வந்து சேர்ந்தவர்கள். ஊரை இன்றும் பழைய ஆட்கள் லஷ்கர் என்றுதான் சொல்வார்கள். பட்டாளம் இருக்கும் இடத்தில் பந்து இருக்கும். ஜகார்த்தாவில் கோல்போஸ்ட்டில் நின்ற பீட்டர் தங்கராஜும் செகந்திராபாத் மைதானங்களில் ஆடி வளர்ந்தவர்தான்.

பெரியப்பா பட்டறையில் கேரேஜ் பிரிவில் வேலை பார்த்தார். வேலையில் சேர்வதற்கு முன்பும் பின்பும் சில வருடங்கள் லெஃப்ட் அவுட் ஆடினார். எந்த டீமுக்கு என்று அவர் சொன்னதில்லை. ஊரில் அப்போது இருந்த பலவற்றில் ஒன்று. முட்டி பிசகி இரண்டு மாதம் படுத்துவிட்டு, கட்டோடு ஒரு நாள் மைதானத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பொறுப்பில் இருந்தவர் பத்துப் பேர் முன்னிலையில், நொண்டிக் குதிரைக்கு எதற்குத் தீனி என்று கேட்டாராம். பெரியப்பா பதில் சொல்லவில்லை. பையிலிருந்த டீம் சட்டையை எடுத்தார். கை இரண்டையும் உள்ளே மடித்து, துணிக்கடையில் மடிப்பது போல மடித்து, மேஜைமேல் வைத்தார். பூட்ஸையும் அதன்மேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு லாலாகுடாவுக்கு நடந்து வந்தார். அதோடு சரி. சமாதானம் பேச ஆள் வந்தார்கள். முட்டி சரியான பிறகும் வந்தார்கள். தன் மகன் பள்ளி டீமில் ஆடியபோதுகூடப் பார்க்கப் போகவில்லை.

"வீம்பு. வேற என்ன? வீம்புக்கு மருந்து ஏது?" என்பாள் பெரியம்மா.

நானும் அதை அப்படியே நம்பினேன், பலராமின் வாழ்க்கையைப் படிக்கும் வரை.

படிக்கத் தொடங்கியது தற்செயலாக, என் நாற்பதாவது வயதில். முதலில் பிடித்துக்கொண்டது பூட்ஸ் கதை. வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்த பையன், போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பூட்ஸின் துணியையும் தோலையும் வைத்து ஆட்டத்துக்கு ஒரு ஜோடி செய்து தரும்படி செருப்பு தைப்பவரிடம் கெஞ்சி நின்றிருக்கிறான். அடுத்தது சைக்கிள் கதை. ஹைதராபாத் அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் இந்தப் பையனைக் கண்டெடுத்துப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து வந்துபோகக் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தன் கையிலிருந்து கொடுத்தார் என்று பலராம் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் வளர்த்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை பம்பாயிலிருந்து ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்டவர் ஒரு பையனின் சைக்கிள் வாடகையை நினைவில் வைத்திருந்தார். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அடுத்த பக்கத்துக்குப் போகச் சற்று நேரமாகிறது. மானமுள்ள ஒருவனுக்கு உதவுவது எளிதல்ல. கொடுக்கும் கை கொஞ்சம் உயர்ந்துவிட்டாலும் அவன் வாங்கமாட்டான். ரஹீமிடம் வாங்கினான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ராணுவ அணி ஒன்று, ஹைதராபாத்தில் ரைடர்ஸ் கிளப், அதன்பின் சிட்டி போலீஸ். 1956இல் மாநில அணியோடு சந்தோஷ் டிராபி. அதே வருடம் இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக். இந்தியா அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதி வரை போய் நான்காவது இடத்தில் நின்றது. 1957இல் கல்கத்தா, ஈஸ்ட் பெங்கால் கிளப். 1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றபோது இந்தியாவின் அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. பெரு நாட்டிடம் 1-3 என்று தோற்றபோதும் அந்த ஒன்று அவருடையது. 1961இல் ஈஸ்ட் பெங்கால் கேப்டன், அந்த வருடம் கல்கத்தா லீக் அவர்களுக்கு. 1962இல் ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காத விவகாரத்தில் இந்திய அதிகாரி ஒருவர் பேசியதால் ஊரே இந்தியர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அந்த அணியை நோயோடு நடத்திப்போன ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார்.

அதே 1963இல் பலராமின் ஆட்டமும் முடிந்தது. நுரையீரல் நோய். இருபத்தேழு வயது. பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொன்ன நாட்டில், மூன்றாவது பெயர் மட்டும் மூச்சு வாங்க முடியாமல் நின்றுபோனது.

கோபம் அங்கேதான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து ஆட்டக்காரனின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில்முறை என்பது அன்று இந்தியக் கால்பந்தில் ஒப்புக்கொள்ளப்படாத சொல். ஒலிம்பிக்குக்கு அன்று அமெச்சூர்தான் போக முடிந்தது. கல்கத்தாவிலோ அரங்கம் நிரம்பி வழியும், வருடா வருடம் ஆட்டக்காரர்கள் எந்த கிளப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஊர் தூங்காமல் காத்திருக்கும், மறுதரப்பு தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதென்று கையெழுத்து நாள்வரை ஆட்டக்காரர்களை ஒளித்துவைப்பார்கள். அவ்வளவு விலையுள்ள கால்கள். ஆனால் ஆட்டத்தை நம்பி வாழ ஒரு சம்பளச் சீட்டு கிடையாது. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைத்தால் அதுதான் பிழைப்பு. கால் ஓடும்வரை ஆட்டக்காரன், ஓடாவிட்டால் அவன் யார் என்ற கேள்விக்கு எந்தக் காகிதத்திலும் பதில் இருக்காது. பலராமுக்குக் கடைசியில் கைகொடுத்ததும் ரயில்வேதான். 1963இல் பி.என்.ஆர். என்ற ரயில்வே அணிக்குப் போனார். தென்கிழக்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். லாலாகுடாக்காரனான எனக்கு அந்த வரியைப் படித்தபோது, வீட்டு ஆள் ஒருவர் பத்திரமாகக் கரை சேர்ந்த மாதிரி இருந்தது.

ஈஸ்ட் பெங்காலோடு அவருக்கு உறவு அறுந்தது அந்த நோய்க் காலத்தில். உடம்பு முடியாத நாட்களில் கிளப்பில் இருந்த சிலர் தன்னை நடத்திய விதம் அவரைச் சுட்டது. அதை மறக்கவும் இல்லை, மறந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஹைதராபாத்துக்கும் திரும்பவில்லை. ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் ஒரு ஃபிளாட்டில் தனியாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பேட்டி கேட்டு வருபவர்களிடம் மனதில் உள்ளதைச் சொல்வார், யாருக்குக் குத்தும் என்று பார்க்கமாட்டார். 1962இல் அர்ஜுனா விருது வந்தது. கூட ஆடிய இருவருக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ வந்தது, இவருக்கு வரவில்லை. 2020 மார்ச்சில் பி.கே. போனார், ஏப்ரலில் சுனி போனார். 2023 பிப்ரவரி 16 அன்று, எண்பத்தாறு வயதில், பலராமும் போனார்.

கல்கத்தாவில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டக்காரர் இறந்தால் உடலை மைதானத்தில் இருக்கும் கிளப் கூடாரத்துக்குக் கொண்டுபோவார்கள். கொடி போர்த்துவார்கள், ரசிகர்கள் வரிசையில் வந்து பூப்போடுவார்கள். அங்கே ஓர் ஆட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. தன் உடலை ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பலராம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

இதைத்தான் பெரியம்மாவின் சொல்லால் அளக்க முடியாமல் நான் நின்றேன். அறுபது வருடக் கோபம். உடம்போடு எரிந்துபோகாமல் உடம்புக்கு அப்பாலும் போகிற கோபம்.

அந்த கிளப்பின் பிறப்பைத் தெரிந்துகொண்டபோது இது இன்னும் கனத்தது. 1920 ஜூலை 28 அன்று ஜோராபகான் அணிக்கும் மோகன் பகானுக்கும் ஓர் ஆட்டம். ஜோராபகான் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸை வெளியே உட்காரவைத்தது. அந்த அணியின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி ஏன் என்று கேட்டார், அவரைச் சேர்க்கச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. ஓர் ஆட்டக்காரனுக்கு நேர்ந்த அவமானத்தைப் பொறுக்காத கோபம்தான் அதன் அஸ்திவாரம். பின்னால் பிரிவினையில் கிழக்கு வங்கத்தை விட்டு வந்த அகதிகள் தங்கள் வீடு, குளம், மாமரம் எல்லாவற்றையும் இழந்த கோபத்தை அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையில்தான் ஊற்றினார்கள். கோபத்தின் அருமை தெரிந்த கிளப் அது. அம்முகுடாவிலிருந்து போன தமிழனின் கோபத்தை மட்டும் அங்கே படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விளையாட்டு உலகில் கோபக்காரர் என்றால் எல்லோரும் காட்டுவது அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டை காப்பை. 1905 ஆகஸ்டில் அவருடைய தாயின் துப்பாக்கிக்குத் தந்தை பலியானார். அந்த மாதம் முடிவதற்குள் பதினெட்டு வயதுப் பையன் டெட்ராய்ட் அணிக்கு ஆடத் தொடங்கினான். ஆட்டத்தில் அவருக்கு இணை வெகு சிலர். ஆனால் கூட ஆடியவர்களே அவரிடம் ஒட்டவில்லை. 1912 மே மாதம் நியூயார்க்கில், தன்னைத் திட்டிக்கொண்டிருந்த ரசிகரைப் பார்வையாளர் இருக்கைக்கே ஏறிப்போய் அடித்தார். அடிபட்டவர் விபத்தில் ஒரு கையையும் இன்னொரு கையில் சில விரல்களையும் இழந்தவர். காப்பை இடைநீக்கம் செய்தார்கள். அவரைப் பிடிக்காத சகஆட்டக்காரர்கள் அவருக்காக மைதானத்தில் இறங்க மறுத்தார்கள். நிர்வாகம் கிடைத்த ஆட்களைச் சேர்த்து ஆடவிட்டது, டெட்ராய்ட் 2-24 என்று தோற்றது. பேஸ்பாலின் புகழ்மண்டபத்துக்கு முதல் தேர்வு 1936இல், பலராம் பிறந்த வருடத்தில், நடந்தது. 226 வாக்குகளில் 222 பெற்று முதலில் நின்றவர் காப்.

அந்த வேலைநிறுத்தத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். காப் செய்தது தவறு, அவர்களுக்கே தெரியும். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடக்கூட அவர்களில் பலருக்கு மனம் இருந்திருக்காது. ஆனால் அமெரிக்க ஆட்டக்காரனை 1879 முதலே ஒப்பந்தத்தின் ஒரு சரத்து கிளப்பின் சொத்தாகக் கட்டிவைத்திருந்தது. தானாக இன்னோர் அணிக்குப் போகும் உரிமை அவனுக்கு இல்லை. விசாரிக்காமல் ஒருவனை வெளியே தள்ள முடியுமென்றால் நாளை நமக்கும் அதே கதிதான் என்று அவர்கள் கண்டார்கள். தொழில் என்று பெயர் வைத்த இடத்தில் கூட நிற்க ஆள் இருந்தது. தொழில் என்று பெயரே வைக்காத இடத்தில் பலராமுக்காக எந்த டீம் உட்கார்ந்து போராடும்? காப்பின் கோபம் கையில்லாதவர்மேல் விழுந்தது. பலராமின் கோபம் தன்னைத் தவிர யார்மேலும் விழவில்லை. தன் வீட்டில் உட்கார்ந்து, வரமாட்டேன் என்றார். கோப்பைகள் கிளப்பின் அலமாரியில், படங்கள் கிளப்பின் சுவரில், கோல்கள் ரசிகர்களின் வாயில். வரமாட்டேன் என்ற ஒரு சொல் மட்டும் அவர் கையில் இருந்தது. அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

வள்ளுவர் கோபத்தை விலக்கச் சொல்லி வெகுளாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதை அறத்துப்பாலில் வைத்தார். மானம் என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், குடிமைக்கு அடுத்து வைத்தார். பள்ளியில் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே மாலையில் மோதும்போது எதன் பக்கம் நிற்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. பத்துப் பேர் முன்னிலையில் நொண்டிக் குதிரை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவன் அந்த நொடியில் எந்த அதிகாரத்தைப் புரட்டுவான்?

அதற்காக அந்தக் கோபத்துக்கு விலை இல்லை என்று சொல்லமாட்டேன். விலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தெரு வழியாகப் பெரியப்பா நடக்கும்போது, பந்து உதைபடும் சத்தம் கேட்டால் அவர் இடது கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கும். திரும்பிப் பார்க்கமாட்டார். விரல் மட்டும் மடங்கும். சின்ன வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்த எனக்கு அது தெரியும். அவர் மகன், என் அண்ணன், ஒரு டோர்னமென்டில் கோல் அடித்துவிட்டு வேலியோரம் நின்ற கூட்டத்தில் முகம் முகமாகத் தேடியதும் தெரியும். உத்தரபாராவின் அந்த ஃபிளாட்டில் எத்தனை சாயங்காலங்கள் அப்படிப் போயினவோ. கோபம் காவல் நிற்கும் வீட்டுக்குள் திருடனும் வரமாட்டான், விருந்தாளியும் வரமாட்டான்.

ஆனாலும் அவர்கள் தாழ்ந்து போயிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் ஒருவர் மனம் வருந்தி ஒதுங்கினால் நம் ஊரில் என்ன செய்வோம்? வீடு தேடிப் போவோம். வெற்றிலை பாக்கோடு போவோம், முதல் தடவை கதவு திறக்காவிட்டால் இரண்டாம் தடவை போவோம், தவறு எங்கள் பக்கம் என்று வார்த்தையாகச் சொல்வோம். விழா மேடையில் சால்வை போர்த்துவது அதற்கு ஈடாகாது. அவமானம் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வார்த்தையில் நடந்தது. மன்னிப்பும் அந்த வார்த்தைக்கு நேராக வர வேண்டும். பெரியப்பாவிடம் வந்த தூதர்கள் எல்லோரும் மறுபடி ஆட வா என்றார்கள். அந்தக் குதிரைப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பலராம் இறந்த மறுநாள் நான் லாலாகுடாவில் இருந்தேன். பெரியப்பாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை, பேப்பரை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கால்பந்துச் செய்தி என்பதால் தயங்கித்தான் தொடங்கினேன். அவர் தடுக்கவில்லை. அம்முகுடா என்ற பெயர் வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒலிம்பிக், ஆசியப் போட்டி, அர்ஜுனா, எல்லாவற்றையும் கேட்டார். உடலை எங்கே கொண்டுபோகக் கூடாது என்ற இடம் வந்தபோது பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்தெந்த டீம்னு போட்டிருக்கான்?" என்றார் பெரியப்பா.

"ஈஸ்ட் பெங்கால், அப்புறம் பி.என்.ஆர்."

"அதுக்கு முன்னாடி?"

"சிட்டி போலீஸ்."

"அதுக்கும் முன்னாடிப்பா. நம்ம ஊர்ல."

பேப்பரில் அது இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் சொன்னேன். "ரைடர்ஸ் கிளப், பெரியப்பா."

"ஆங், ரைடர்ஸ்" என்றார். டம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியை முழுவதும் குடித்தார். பிறகு காலை நீட்டி, அந்தப் பழைய முட்டியைக் கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ரைடர்ஸில் அன்றைக்கு யார் யார் ஆடினார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.